மாப்பிள்ளை மெச்சிய மதர்போட்

தனக்கு முன்னால் வைக்கப்பட்ட எதையும் குறை சொல்லாத பழக்கம் ஹாதிக்கிடம் நெடுநாளாக ஊறிப்போயிருந்தது. உப்பில்லாத ஆணத்தைச் சோற்றில் அள்ளி ஊற்றிக்கொண்டு "நல்ல ருசி" என்பான். தையற்காரர் ஒரு கையைக் குட்டையாக வெட்டிவிட்ட சட்டையைப் போட்டுப் பார்த்து, "காத்தோட்டமா இரிக்கி" என்பான். சலூன்காரர் அவன் தலையை ஆடு மேய்ந்த வேலி போலக் கத்தரித்து வைத்தாலும், கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "வடிவு, காக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் எழும்புவான். பிறர் முகம் வாடக் காண அவனுக்குப் பொறுக்காது. அந்த வாட்டத்துக்குத் தான் காரணம் என்றாகிவிடுவது அதைவிடப் பொறுக்காது.

கலியாணத்தோடு சாய்ந்தமருதில் மனைவி றுமைஸாவின் வீட்டுக்குக் குடிவந்தவனுக்கு இந்தப் பழக்கம் பெரிய பெயரை வாங்கிக் கொடுத்தது. மாமனார் ஜெமீல் நற்பிட்டிமுனை வட்டையில் வயல் செய்பவர். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மாரில் ஒருவர். குரல் பெரியது, கொடுக்கும் கை அதைவிடப் பெரியது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை ஒரு பொருளை மெச்சினால் அது மறுநாளே அவன் முன்னால் இருக்கவேண்டும் என்பது அந்தப் பக்கத்து மரியாதை. ஜெமீல் அதைக் கடமையாகவே கொண்டிருந்தார். வந்த புதிதில் ஹாதிக் கணவாய்க் கறியை மெச்சப்போய், கணவாய் படும் காலம் முடியும்வரை அந்த வீட்டு அடுப்பில் வேறொன்றும் ஏறவில்லை. கடைசியில் றுமைஸாதான் வாசலில் நின்று மீன்காரரைத் திருப்பி அனுப்பினாள்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நன்றாக அறிந்துகொண்டது ஒரு விளையாட்டில். கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் ஹாதிக் கத்தாருக்குப் போக நேர்ந்தது. தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா?" என்பதற்குப் பிறகு என்ன கதைப்பதென்று தெரியாமல் இருவரும் தவித்த காலம் அது. அப்போது, பாரமேற்றிய லொறிகளைப் பனிமலைப் பாதைகளில் ஓட்டிச் செல்லும் ஒரு கணினி விளையாட்டை அவன் அவளுக்குக் காட்டிக் கொடுத்தான். அவன் தோஹாவிலிருந்து, அவள் சாய்ந்தமருதிலிருந்து, இருவரும் ஒரே பாதையில் ஓட்டினார்கள். கைக்கு வேலை வந்ததும் வாய்க்குக் கதை தானாக வந்தது. அவனுடைய லொறி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் கயிறு கட்டி இழுத்தெடுப்பாள். இழுக்கும்போது ஏசவும் செய்வாள். அந்த ஏச்சுக்களில்தான் அவனுக்கு அவள்மேல் பிரியம் வேரூன்றியது.

இப்போது அவன் ஊருக்கே வந்துவிட்டான்; ஒலுவில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். பழைய மடிக்கணினி மலையேறும்போதே மூச்சடைத்து நின்றுவிடுவதால், விளையாடுவதற்கென்றே ஒரு நல்ல கணினியைப் பாகம் பாகமாக வாங்கித் தாங்களே பூட்டிக்கொள்வதென்று இருவரும் முடிவு செய்தார்கள். ஒவ்வொரு சாமானாகச் சேர்ந்தது. கணினிக்கு மூளையான ப்ரொசெசரைத் தோஹாவிலிருந்த றுமைஸாவின் அண்ணன் றிஸ்கான் காக்கா அன்பளிப்பாக அனுப்பிவைத்தார். மிச்சம் இருந்தது எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும் மதர்போட் ஒன்றுதான்.

அதைத் தெரிவு செய்ய இருவரும் கல்முனைப் பிரதான வீதியில் றஸ்மியின் கடைக்குப் போனார்கள். றஸ்மி ஹாதிக்கோடு ஒன்றாய்ப் படித்தவன். கடை சின்னது, அவன் வாய் பெரியது.

"பனிமலையில லொறி ஓட்ட மதர்போட் கேட்டு வந்த மொத ஆள் நீதான் மச்சான். இஞ்ச மழை பெஞ்சாலே நீ சைக்கிள உருட்டிட்டுப் போறவன்."

"ஓட்டுறது நான்தான்," என்றாள் றுமைஸா. "இவர் விழுறவர்."

"அப்ப ஒனக்குத்தான் வெளங்கப்படுத்தணும் தங்கச்சி. இஞ்ச பாரு, மதர்போட் எண்டா ஊடு. ப்ரொசெசர் மாப்பிள்ள. வாற மாப்பிள்ளைக்கு ஏத்த வாசல் வெச்சிரிந்தாத்தான் அவர் உள்ளுக்கு வரலாம். ஞாபகம் வெக்கிற இந்த ரெம் எல்லாம் கொழுந்தன்மார். இண்டைக்கு ரெண்டு பேர் வருவாங்க, நாளைக்கு நாலு பேர் வருவாங்க, எடம் வேணும்."

"மாப்பிள்ளைக்குச் சூடு ஏறினா?"

"விசிறத்தானே வேணும். நம்மட ஊருல வேற என்ன செய்ற?"

றஸ்மி இரண்டைக் காட்டினான். ஒன்று வெள்ளை நிறம். ஓரமெல்லாம் நிறநிறமாய் விளக்கு. மற்றது படத்தில் மட்டும் இருந்தது. கறுப்பு நிறம், விளக்கில்லை, வெப்பத்தை வாங்கி வெளியே விடும் தடித்த உலோகக் கட்டிகள் இரண்டு, ரெம்முக்கு நான்கு இடம்.

"வெள்ள வடிவுதான்," என்றான் றஸ்மி. "ஆனா அது இன்டெலுக்குள்ளது. றிஸ்கான் காக்கா அனுப்பினது ஏஎம்டி. ஒங்கட ப்ரொசெசருக்குக் கால் அதுலயே இரிக்கி. இந்த வெள்ளையில கால் போட்டுல இரிக்கி. ரெண்டும் ஒண்டோட ஒண்டு ஒரு நாளும் சேரா. கறுப்ப எடுங்க. கொழும்பிலிருந்து எடுப்பிச்சுத் தாறன். கடக்காத்துக்கும் வெக்கைக்கும் தாக்குப் பிடிக்கும்."

றுமைஸா கறுப்பைத் தொட்டுக் காட்டினாள். ஹாதிக் தலையாட்டினான். படங்கள் அச்சிட்ட தாளொன்றை றஸ்மி கையில் கொடுத்துவிட்டான். தெரிவு முடிந்தது. அங்கேயே முடிந்திருந்தால் நல்லது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பகற்சோற்றுக்கு இருந்தபோது அந்தத் தாள் ஜெமீலின் கண்ணில் பட்டது. வெள்ளைப் போட்டின்மேல் விரலை வைத்தார்.

"இதென்ன மருமகன்? கலியாண ஊட்டுப் பந்தல் மாதிரி மினுங்குது!"

"ஓம் மாமா. வடிவான சாமான்."

றுமைஸா கூடத்தில் இருந்திருந்தால் "வடிவு கிடக்கட்டும், நம்மடதுக்குப் பொருந்தா" என்று ஒரே சொல்லில் கதையை முடித்திருப்பாள். அவள் ஆணம் எடுக்க உள்ளே போயிருந்தாள்.

மறுநாள் பின்நேரம் ஜெமீல் றஸ்மியின் கடையிலிருந்து ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து படியேறினார். ஹாதிக் திறந்தான். வெள்ளைப் போட். நடுவிலிருந்த சதுர மூடியை நீக்கியதும், நாற்றங்காலில் முளைத்த பயிர்போலப் பொன்னிறக் கால்கள் நெருக்கமாய் நின்றன. றிஸ்கான் அனுப்பியதற்கும் இதற்கும் ஏழேழு தலைமுறைக்கும் சம்பந்தமில்லை. நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தான். பெருநாள் உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கும் பிள்ளையின் முகம் அவருக்கு.

"எப்பிடி மருமகன்?"

"மாஷா அல்லாஹ்! நல்ல வடிவு மாமா."

அறைக்குள் வந்ததும் றுமைஸா இடுப்பில் கையை வைத்தாள். "இஞ்சருங்க, இது நம்மட இல்லையே. ஏன் சொல்லல்ல?"

"அவர்ர மொகத்தப் பாத்தா சொல்ல மனம் வரல்ல புள்ள."

"அப்ப நான் சொல்றன்."

"வேணாம், வேணாம். நேரம் பாத்து நானே சொல்றன்."

நேரம் பார்ப்பவனுக்கு நேரம் வருவதில்லை. "லொறி ஓடுதா மருமகன்?" என்று ஜெமீல் தினமும் கேட்டார். ஆணி வரவில்லை என்றான். வயர் காணாது என்றான். வேலையில் களைப்பு என்றான். ஒவ்வொரு சாட்டும் அடுத்த சாட்டைப் பெற்றுப் போட்டது. அதற்கிடையில் ஜெமீல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஒருநாள் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு மரைக்கார்மார் சிலர் அந்த வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். மத்ரஸாப் பிள்ளைகளுக்குக் கணினிகள் வாங்குவது பற்றிக் கலந்துபேசும் மசூரா. றஸ்மியிடமே வாங்குவதென்று ஏறத்தாழ ஒத்துக்கொண்டு, வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உறுதி செய்வதாக இருந்தார்கள். அப்போது ஜெமீல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மருமகன்! அந்த வெள்ளச் சாமானக் கொண்டாங்க. இவங்களும் பாக்கட்டும். இன்னும் ஏன் பூட்டாமக் கிடக்கு?"

எல்லாக் கண்களும் ஹாதிக்கின்மேல். தவறு மாமனாருடையது என்று சொல்ல நாக்கு எழவில்லை. தன்னுடையது என்று சொல்லவும் எழவில்லை. அந்த இடத்தில் இல்லாத ஒருவன்மேல் அது சுலபமாகப் போய் விழுந்தது.

"அது மாமா… பொருந்தல்ல. வெள்ளையிலயே ரெண்டு சாதி இரிக்கி, றஸ்மி பெட்டிய மாத்திக் குடுத்திட்டான் போல இரிக்கி."

முன்பொரு வயல் வட்டையில் ஒரு மடை இருந்ததாம். யார் கேட்டாலும் இல்லையென்று சொல்ல அதற்குத் தெரியாது. மேட்டு வயற்காரன் வந்து முகத்தைச் சுளித்தான், திறந்தது. பள்ளத்து வயற்காரன் வந்து கண்ணைக் கசக்கினான், திறந்தது. "இப்படியொரு நல்ல மடை உலகத்தில் உண்டா?" என்று எல்லாரும் மெச்சினார்கள். பயிர் கதிர் கட்டும் குடலைப் பருவத்துக்கு வந்தபோது குளத்தில் தவளை நனையவும் தண்ணீர் இல்லை. வயற்காரர்கள் என்ன செய்தார்கள்? மடையை ஒருவரும் ஏசவில்லை. "குளம்தான் கள்ளக் குளம்" என்றார்கள். மடை அதைக் கேட்டும் பேசாமல் இருந்தது. அங்கேதான் அதன் நல்ல குணம் கெட்ட குணமாக மாறியது.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, ஒலுவிலில் வேலை முடிந்து ஒரு அலுவலாகக் கல்முனைக்கு மோட்டார் சைக்கிளில் வந்த ஹாதிக்கை, றஸ்மியின் கடைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் சீனித்தம்பி கைகாட்டி நிறுத்தினார்.

"மாப்பிள்ள! ஒங்கட மாமனார் இண்டைக்கு றஸ்மிய உரிச்சு உப்புத் தடவிட்டார். நீங்க கொஞ்சம் முந்தி வந்திரிக்கணும்."

"என்ன நடந்த?"

"பெட்டியக் கொண்டு வந்து மேசையில அடிச்சார். 'நம்பி வந்தவனுக்கு மாத்திக் குடுக்கிறியா? ஓதப் படிக்கிற புள்ளையளுக்கு ஒன்னட்ட எப்பிடிடா சாமான் வாங்குற?' எண்டு கேட்டார். என்ட கடையில நிண்ட சனமெல்லாம் தேத்தண்ணிய வெச்சிட்டு அங்க ஓடிட்டு. பாதிப் பேர் திரும்பி வரவே இல்ல."

"றஸ்மி என்ன சொன்ன?"

"ஒண்டும் சொல்லல்ல. 'சரி காக்கா' எண்டு பெட்டிய எடுத்து உள்ளுக்கு வெச்சிட்டான். வாய்க்காரன் வாயத் தொறக்கல்ல எண்டா, அப்ப விசயம் உண்மதானே?"

ஹாதிக் கடைப்பக்கம் பார்த்தான். றஸ்மி வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடி அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். உள்ளே போக வேண்டும் என்று தோன்றியது. மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

செய்தி அவனுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. றுமைஸா சோறு போட்டாள். ஆனால் பக்கத்தில் இருக்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஒங்கட நல்ல பேருக்கு விலையா ஆர்ட பேரக் குடுத்தீங்க?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழம மரைக்கார்மார் வேற கடைக்காரனுக்குச் சொல்லிருவாங்க. அது மட்டுமா? இனி அந்த ரோட்டால போற ஒவ்வொருத்தனும், 'இவன் மாத்திக் குடுக்கிறவன்' எண்டு பாத்துட்டுப் போவான். அவன் காலையில கடையத் தொறக்கிற நேரம் அந்த வார்த்தையும் சேந்து தொறக்கும்." குரல் தணிந்தது. "நீங்க பள்ளத்துல விழுந்தா இழுக்கிறதுக்கு நான் இரிக்கன். ஆனா இன்னொருத்தன மேல போட்டுக்கொண்டு விழுந்தா, நான் எந்தப் பக்கத்தால கயிறு கட்டுற?"

காலையில் ஹாதிக் கடை திறக்கும்போதே போய் நின்றான். றஸ்மி யாருடையதோ ஒரு கணினியைக் கழற்றிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"மாமா வெள்ளப் போட்ட வாங்க வந்த நேரம் நீ ஒண்டும் சொல்லல்லையா மச்சான்?"

"சொன்ன நான். 'ஹாதிக் வேற ஒண்டு சொல்லி வெச்சிரிக்கான், இது அவன்ட ப்ரொசெசருக்குப் பொருந்தா காக்கா' எண்டு சொன்ன நான். 'மருமகன்ட வாயால கேட்டுட்டுத்தான் வாறன், நீ கட்டு' எண்டார்."

"அத ஏன் அவர் ஏசக்குள்ள சொல்லல்ல?"

"ஊரு கூடி நிக்கிற எடத்துல வயசான மனிசன, அதுவும் மரைக்கார, பொய்யனாக்கவா சொல்றாய்?" றஸ்மி திருப்புளியைக் கீழே வைத்தான். "மறுகா இன்னொண்டு. 'மாத்திக் குடுத்திட்டான் எண்டு மருமகனே சொன்னார்' எண்டார். அத நான் நம்பல்ல. ஹாதிக் அப்பிடிச் சொல்லிரிக்க மாட்டான், நீ வந்து 'இல்ல' எண்டு சொல்லுவாய் எண்டு அலுமாரிக் கண்ணாடியில ரோட்டப் பாத்துட்டு நிண்ட நான். நீ வந்தாய். சீனித்தம்பியோட கதைச்சாய். போய்ட்டாய்."

"நான் சொன்ன நான் றஸ்மி," என்றான் ஹாதிக். "மாமாட வாய்க்குப் பயந்து இல்ல. அவர்ர மனம் நோகும் எண்டு… அப்பிடிச் சொன்னது நான்தான்."

"என்ட மனம்?"

அவ்வளவுதான் கேட்டான். ஒரு பகிடி சொல்வான், ஒரு ஏச்சாவது ஏசுவான் என்று ஹாதிக் காத்து நின்றான். றஸ்மி திருப்புளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தான். "போ மச்சான், எனக்கு வேல கிடக்கு."

வீட்டு முற்றத்தில் ஜெமீல் படங்கு விரித்து நெல்லைக் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். ஹாதிக் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் போய் நின்றான். வெள்ளைப் போட் முதலிலேயே பொருந்தாது என்பதையும், படத்தைப் பார்த்து வடிவென்றது வெறும் உபசாரம் என்பதையும், மரைக்கார்மார் முன்னால் சொன்னது பொய் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னான். ஜெமீலின் கால் நெல்லுக்குள் அப்படியே நின்றது.

"அப்ப அவன் மாத்தல்ல."

"இல்ல மாமா. பொருந்தா எண்டு ஒங்களுக்கிட்டயும் சொல்லிரிக்கான்."

ஜெமீல் நெல்லிலிருந்து காலை எடுத்தார். "சொன்னவன்தான்," என்றார் பிறகு, தனக்கே சொல்வதுபோல. "என்னமோ கால் எண்டான், வாசல் எண்டான். ஒங்களுக்குக் குடுக்கப்போற சந்தோசத்துல நான் அதக் காதுல வாங்கல்ல." சட்டென்று நிமிர்ந்தார், கண் சிவந்திருந்தது. "என்ட ஊட்டுல இரிந்துக்கொண்டு, 'மாமா, இது சரியில்ல' எண்டு ஒரு வார்த்த சொல்ல என்ன பயம்? நான் என்ன புலியா?"

"புலி எண்டாத் தப்பி ஓடலாம் வாப்பா," என்றாள் கதவருகே நின்ற றுமைஸா. "நீங்க அன்பாலல்லவா அமுக்குறீங்க. இவருக்கு மூச்சு விட எடமில்ல."

ஜெமீல் மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பொன்று வந்து, கோபத்தைக் கண்டு திரும்பிப் போயிற்று.

"இண்டைக்கே போய் அவன்ட ஊட்டுல மாப்புக் கேக்கிறன் மாமா," என்றான் ஹாதிக்.

"ஊட்டுல கேட்டா அவன்ட உம்மாக்கு மட்டுந்தான் கேக்கும். நான் ஏசினது ரோட்டுல." தோள் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டார். "அஸர் தொழுதுட்டு வாங்க. ரெண்டு பேரும் போவம். மொதல்ல நீங்க கதைக்கணும், நான் மறுகா."

பின்நேரம் வீதி நிறைந்திருந்தது. தேநீர்க் கடையில் நேற்றைய சனமே இன்றும் இருந்தது. ஜெமீல் வருவதைக் கண்டதும் சீனித்தம்பி தேத்தண்ணிக் குவளைகளை அவசரமாக உள்ளே எடுத்து வைத்தார். றஸ்மி மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றான், முகம் வெளிறியிருந்தது.

ஹாதிக் கடைப்படியில் நின்று வீதிப் பக்கம் திரும்பினான்.

"றஸ்மி சாமான் மாத்திக் குடுக்கல்ல," என்றான். "பொருந்தா எண்டு அவன் மொதல்லயே சொன்னவன். மாத்திக் குடுத்தான் எண்டு பொய் சொன்னது நான்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மாப்பிள்ள," என்றார் சீனித்தம்பி. "அடுப்படியில நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும். நேத்து அவங்களும்தான் வந்து பாத்தவங்க."

அது பகிடியா, தண்டனையா என்று தெரியவில்லை. ஹாதிக் மறுபடியும் சொன்னான். இம்முறை எதிர்ப்பக்க மருந்துக் கடையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு றஸ்மியின் பக்கம் திரும்பினான். "இதத்தான் நாளைக்கு மரைக்கார்மாருக்கு முன்னாலயும் சொல்லப்போறன் மச்சான். நீயும் வரணும். நான் ஒண்டக் கொறச்சுச் சொன்னா, நீ சேத்துச் சொல்லு."

ஜெமீல் சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு படி மேலே ஏறினார்.

"மனே," என்றார், அந்தப் பெரிய குரலைத் தணிக்காமலே. "நீ எனக்கு நல்லதச் சொன்னாய், நான் கேக்கல்ல. கேக்காத நானே ஒன்ன ஏசின நான். வயசுக்குப் பாத்து நீ வாயப் பொத்திக்கொண்டு நிண்டாய். அந்த மரியாதைக்கு நான் தகுதியில்ல. என்னப் பொறுத்துக்கொள்."

மேசைக்கு மேலாக இரு கைகளையும் நீட்டினார்.